பாசி செத்த வாரம்

புதன்கிழமை காலை இரும்புப் படியில் ஏறிக்கொண்டிருக்கும்போதே மூக்குக்குத் தெரிந்துவிட்டது. நல்ல பாசிக்கு மழையில் நனைந்த புல்லின் வாசனை இருக்கும். அன்றைக்கு வந்தது வாரக்கணக்கில் மாற்றாத பூச்சாடித் தண்ணீரின் நாற்றம். மொட்டை மாடிக்குப் போய்ப் பார்த்தால், போன வாரம்வரை கீரையைக் கடைந்து ஊற்றியதுபோல் இருந்த தொட்டிகள் எல்லாம் மஞ்சளாகக் கிடந்தன. தண்ணீரைத் தள்ளும் துடுப்புச் சக்கரம் மட்டும் தன் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது.

ஊர் உலகத்தில் பாசி என்றால் பிரஷ்ஷை எடுத்துத் தேய்ப்பார்கள். நான் அதை வளர்ப்பதற்கென்றே வேலைக்குப் போகிறவள். என் மாமியார் இதை வருகிற விருந்தாளிகளிடம் எல்லாம் சொல்வார். "கெமிஸ்ட்ரி படிச்சவ, பாசி வளர்க்கப் போறா. நம்ம வீட்டுப் பாத்ரூம்லயே வளர்ந்திருக்கும், போக வேண்டியதே இல்ல." நானும் சளைக்க மாட்டேன். "நீங்க தேய்க்காம விட்டீங்கன்னா இங்கேயே ஆபீஸ் போட்டுடறேன்" என்பேன்.

நான் வேலை பார்ப்பது பல்லாவரத்தில், பெரிய சாலையை விட்டு உள்ளே தள்ளி இருக்கும் ஒரு தோல் பட்டறையில். பதனிட்டு வரும் தோலுக்கு அங்கே சாயம் ஏற்றுவார்கள். ஆளைவிட உயரமான மர ட்ரம்கள் தோலையும் சாயத்தையும் வயிற்றில் வாங்கிக்கொண்டு நாளெல்லாம் சுற்றும். சுற்றி முடித்ததும் அவை கக்கும் தண்ணீர் என் பொறுப்பு. அதில் சாயம் மட்டுமா இருக்கும்? தோலில் பூஞ்சை பிடிக்காமல் இருக்கப் போடும் மருந்தும் இருக்கும். பூஞ்சையைக் கொல்வது மற்ற உயிரை மட்டும் விட்டுவைக்குமா?

அந்தத் தண்ணீர் முதலில் கீழே ஒரு பெரிய தொட்டியில் சேரும். அங்கிருந்து விளக்குத் தொட்டிக்குப் போகும். விளக்குத் தொட்டி என்பது நான்கு பக்கமும் மூடிய பெட்டி. உள்ளே வரிசையாகக் கண்ணாடிக் குழாய்கள், ஒவ்வொரு குழாய்க்குள்ளும் ஒரு புற ஊதா விளக்கு. தண்ணீரில் ஒரு வெள்ளைப் பொடியைக் கலந்து அந்தக் குழாய்களைச் சுற்றி ஓட விடுவோம். வெளிச்சம் பொடியில் பட்டால் சாயமும் மருந்தும் துண்டு துண்டாக உடைந்துவிடும். பொடியைப் பிரித்துவிட்டுத் தண்ணீரை மாடிக்கு ஏற்றினால், மிச்சம் மீதி இருப்பதைப் பாசி தின்னும். கண்ணுக்குத் தனியாகத் தெரியாத நுண்பாசி அது. வெளிச்சம் விஷத்தை உடைக்கும், பாசி மிச்சத்தைத் தின்னும். நான் யாருக்குச் சொன்னாலும் இவ்வளவுதான் சொல்வேன். இதில் முதல் பாதி நடக்காவிட்டால் இரண்டாம் பாதி செத்துப் போகும்.

நான் வருவதற்கு முன் இதெல்லாம் கிடையாது. தொட்டி நிறைந்தால் டேங்கர் லாரி வரும், குழாயை உள்ளே விட்டு உறிஞ்சிக்கொண்டு போகும். எங்கே போகிறது என்று லாரிக்காரனைக் கேட்கக் கூடாது. இந்தத் தொழிலில் அது ஒரு மரியாதை. பேர் கேட்பார்கள், பிள்ளைகள் படிக்கிறார்களா என்று கேட்பார்கள், டீ வாங்கித் தருவார்கள், எங்கே ஊற்றுகிறாய் என்று மட்டும் எந்தப் பட்டறையிலும் கேட்க மாட்டார்கள். கேட்காதவரை யாருக்கும் தெரியாது, தெரியாதவரை யார் மேலும் குற்றம் இல்லை. வேலைக்குச் சேர்ந்த அன்றே முதலாளியிடம் சொன்னேன். "சார், இந்த கேட்டுக்குள்ள அந்த லாரி வந்த அன்னைக்கு நான் அதே கேட்டு வழியா வெளிய போயிடுவேன். அப்புறம் கூப்பிட்டாலும் வர மாட்டேன்." அவர் சிரித்துவிட்டு, "வராது, வாம்மா" என்றார்.

அதன்பிறகு வரவும் இல்லை. ஆரம்பப் பாசியை ஒரு கல்லூரி ஆய்வகத்தில் வாங்கி, கேனில் ஊற்றி, மின்சார ரயிலில் மடியில் வைத்துக்கொண்டு வந்தவள் நான். எதிர் சீட்டு அம்மா "வல்லாரை ஜூஸா?" என்று கேட்டதற்கு "ஆமாம், ஆனா குடிக்கக் கூடாது" என்று சொல்லி அவரை பயமுறுத்தினேன். அப்படி வந்ததுதான் மாடி முழுக்கப் பரவிக் கிடந்தது. இப்போது அது என் கண் முன்னால் செத்துக்கொண்டிருந்தது.

எனக்குப் பின்னாலேயே அக்கா படியேறி வந்தாள். விளக்குத் தொட்டியையும் பம்புகளையும் பார்த்துக்கொள்வது அவள்தான். என் வயதுதான் இருக்கும். ஆனால் பட்டறை மொத்தமும் அவளை அக்கா என்று கூப்பிட, எனக்கும் அதுவே வாயில் வந்துவிட்டது.

"இன்னா மேடம், மஞ்ச காமாலை வந்தாப்ல கீது?"

"செத்துக்கிட்டிருக்கு அக்கா. விளக்கு எரியுதா?"

"எல்லாம் எரியுது. பொட்டில ஊதா தெரியுது. காலைலயே பாத்துட்டேன்."

போய் நானும் பார்த்தேன். அந்தப் பெட்டியை விளக்கு எரியும்போது திறக்கக் கூடாது, கண் போய்விடும். கறுப்புக் கண்ணாடி வைத்த சின்ன ஓட்டை வழியாகத்தான் பார்ப்போம். ஊதா வெளிச்சம் தெரிந்தது. மின்சாரமும் சரியாக ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் பெட்டியிலிருந்து வெளியே வந்த தண்ணீரை கிளாஸில் பிடித்தால் பால் ஊற்றாத டீ மாதிரி இருந்தது. நிறமே இருக்கக் கூடாது. அதை மாடிக்கு ஏற்றாமல் கீழ்த் தொட்டிக்கே திருப்பிவிட்டேன்.

எனக்கு உடனே புரிந்துவிட்டது என்று நினைத்தேன். தீபாவளிக்கு முன்னால் சரக்கு போக வேண்டும் என்று ட்ரம்கள் இடைவிடாமல் ஓடிக்கொண்டிருந்தன. தண்ணீரைச் சீக்கிரம் தள்ளிவிட வேண்டும் என்று யாரோ வால்வைக் கூடுதலாகத் திறந்திருக்கிறார்கள். வெளிச்சத்தில் இருக்க வேண்டிய நேரம் இல்லாமல் தண்ணீர் ஓடிப்போகிறது. யாரோ என்ன யாரோ, முதலாளிதான். நேராக அவர் அறைக்குப் போனேன்.

"வால்வைத் தொட்டது யாரு சார்?"

அவர் போனில் இருந்தார். போனை வைத்துவிட்டு, "உக்காரும்மா" என்றார்.

"உக்கார வரலை. மாடியில பாசி சாகுது, தண்ணியைக் கீழ தொட்டிக்கே திருப்பி விட்டிருக்கேன். நீங்க தண்ணியை வேகமாத் தள்ளச் சொன்னீங்களா இல்லையா?"

"எங்க அம்மா மேல சத்தியமா நான் வால்வ தொடல, யாரையும் தொடச் சொல்லல." அவர் குரல் உயரவில்லை, ஆனால் முகம் சிவந்துவிட்டது. "நீ பாட்டுக்கு வந்து எம்மேல பழியப் போடாத. கீழ தொட்டி இன்னும் ரெண்டு நாளுக்குத்தான் தாங்கும். அதுக்கு வழி சொல்லு."

"ட்ரம்மை நிறுத்துங்க. பெட்டியைத் திறந்து பார்க்கணும்."

"அது மட்டும் முடியாது. இந்தச் சரக்கு போகலைன்னா அடுத்த வருஷம் எவனும் என் வாசப்படி மிதிக்க மாட்டான். இந்த வேலைய நம்பித்தான் வெளில இத்தனை பேர் நிக்கிறாங்க." அவர் எழுந்து ஜன்னல் பக்கம் போனார். "வெள்ளிக்கிழமை தொழுகை முடிஞ்சு வருவேன். அதுக்குள்ள சரியாகலைன்னா லாரியக் கூப்பிடுறதத் தவிர எனக்கு வேற வழியில்ல."

"அப்ப நான் சொன்னது ஞாபகம் இருக்கில்ல?"

"இருக்கு" என்றார். மறுத்திருந்தால்கூட சண்டை போட்டிருப்பேன்.

வியாழக்கிழமை முழுக்கப் பைத்தியம்போல் சுற்றினேன். வால்வை அளந்து பார்த்தேன், சரியாகத்தான் இருந்தது. வெள்ளைப் பொடியைச் சோதித்தேன், அதிலும் குறை இல்லை. புதிதாக வந்த சாயமா என்று பார்த்தால், அது பழைய சாயம்தான். மைக்ரோஸ்கோப்பில் பாசியை வைத்துப் பார்த்தேன். பாதிக்கு மேல் வெறும் கூடு. உள்ளே பச்சை இல்லை, கண்ணாடி வளையல் மாதிரி காலியாக மிதந்துகொண்டிருந்தன. பாசிக்குப் போய் அழுவார்களா என்று கேட்டால், நான் அழுதேன், அவ்வளவுதான்.

பட்டறையில் என்னைப் பார்க்கிற பார்வையும் மாறிவிட்டது. ட்ரம்மில் வேலை செய்யும் அண்ணன் ஒருவர், "மேடம், தீபாவளி நேரத்துல ட்ரம்ம நிறுத்தச் சொல்லாதீங்க. லாரி வந்துட்டுப் போவட்டும், இன்னா ஆய்டப் போவுது? எல்லாப் பட்டறைலயும் வந்துகினுதான கீது" என்றார். அவர் கெட்டவர் இல்லை. என் பிறந்த நாளுக்கு கேக் வாங்கி வந்தவர். நான் "பார்க்கலாம்ணா" என்று நகர்ந்துவிட்டேன்.

அன்று சாயங்காலம் இரும்புலியூர் வீட்டில் நான் வைத்த சாம்பாரை வாயில் வைத்த என் கணவர், "வேலையை விடறதுன்னா விட்டுடு. உப்பு மேல ஏன் கோபத்தைக் காட்டற?" என்றார். விட்டுவிடுவேன் என்று சொல்வது சுலபம். நான் போன பிறகு மாடியில் தொட்டிகளைக் கழுவிவிட்டுத் தோல் காய வைப்பார்கள், லாரி பழையபடி வரும். என் வேலை போவதைவிட அதுதான் எனக்குத் தாங்கவில்லை. மூன்று பேர் சாப்பிட்ட தட்டைக் கழுவும்போது மாமியார் வந்து பக்கத்தில் நின்றார். ஒன்றும் கிண்டல் செய்யவில்லை. அது இன்னும் பயமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை மதியம் ஜும்ஆ தொழுகைக்காக எங்கள் பட்டறையில் ட்ரம்கள் நிற்கும். முதலாளியும் பாதிப் பேரும் பள்ளிவாசலுக்குப் போவார்கள், மீதிப் பேர் சாப்பிட உட்காருவார்கள். பாங்கு சத்தம் கேட்டதும் நான் விளக்குகளின் சுவிட்சை அணைத்தேன். "அக்கா, சங்கிலியைப் பிடிங்க, மேல தூக்கலாம்" என்றேன். இரண்டு பேருமாகக் கப்பியில் சங்கிலியை இழுத்தோம். குழாய்கள் மாட்டிய விளக்குச் சட்டம் தண்ணீர் சொட்டச் சொட்ட மேலே வந்தது.

கண்ணாடிக் குழாய்கள் கண்ணாடியாக இல்லை. எல்லாம் பழுப்பாக, வெகுநாள் எண்ணெய் காய்ந்த வாணலியின் வெளிப்பக்கம் மாதிரி இருந்தன. தண்ணீர் தொடாத மேல்முனையில் ஒவ்வொரு குழாயிலும் மூன்று பட்டை சந்தனம், நடுவில் குங்குமம்.

நான் திரும்பி அக்காவைப் பார்த்தேன்.

"ஆயுத பூஜைக்கு வெச்சது மேடம்" என்றாள். "எல்லா மிசினுக்கும் வெச்சோம். இது மட்டும் இன்னா பாவம் பண்ணிச்சி? நான்தான் சட்டத்தத் தூக்கி, நல்லாத் தொடச்சி வெச்சேன்."

"எதால தொடச்சீங்க?"

"தேங்காண்ணதான். ட்ரம்மு, மோட்டாரு எல்லாத்துக்கும் அதான போட்டோம். பளபளன்னு ஆயிடுச்சி. பொட்டத் தொடைக்கக் கூடாதுல்ல, அதான் அப்டியே உட்டுட்டேன்."

அந்த வருடம் பூஜைக்கு நான் வரவில்லை, வீட்டில் கொலு. முதலாளி வழக்கம்போல் பொரி, கடலை, பூசணிக்காய் எல்லாம் வாங்கிக் கொடுத்துவிட்டு, இவர்கள் விருப்பத்துக்கு விட்டிருக்கிறார். தேங்காயெண்ணெய் புற ஊதா வெளிச்சத்திலும் சூட்டிலும் காய்ந்து வார்னிஷ் மாதிரி கண்ணாடியில் பிடித்துக்கொண்டது. கண்ணுக்குத் தெரியும் ஊதா கொஞ்சம் தப்பி வெளியே வந்தது. வேலை செய்ய வேண்டிய வெளிச்சம் உள்ளேயே நின்றுவிட்டது. ஒரு வாரமாக விளக்கு வேலையே செய்யவில்லை, மருந்துத் தண்ணீர் அப்படியே மாடிக்குப் போய்ப் பாசியைக் கொன்றிருக்கிறது. சாமியாகக் கும்பிட்டே சாகடித்திருக்கிறோம்.

வாயைத் திறந்தேன். திட்டத்தான் திறந்தேன். அக்கா அந்தக் குழாய்களைப் பார்த்துக்கொண்டிருந்த விதத்தில், என்ன நடந்தது என்று அவளுக்கும் புரிந்துவிட்டது தெரிந்தது. முகம் வெளுத்துப் போயிருந்தது.

"என்னாலயா மேடம் செத்துச்சி?"

"ஸ்பிரிட் எடுத்துட்டு வாங்க" என்றேன். "பஞ்சும். விரல் படாம தொடைக்கணும். அழறதுன்னா அப்புறம் அழுங்க, நானும் சேர்ந்து அழறேன்."

துடைத்தோம். சாப்பாட்டைப் பாதியில் விட்டுவிட்டு இன்னும் இரண்டு பேர் வந்து துடைத்தார்கள். சந்தனத்தைத் துடைக்கும்போது அக்கா ஒவ்வொரு முறையும் பஞ்சைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். நான் பார்க்காததுபோல் இருந்தேன். சட்டத்தை இறக்கி விளக்கைப் போட்டதும் ஓட்டையில் தெரிந்த வெளிச்சமே வேறு மாதிரி இருந்தது. கொஞ்ச நேரம் கழித்துப் பிடித்த தண்ணீரில் பழுப்பு குறைந்திருந்தது, அடுத்து பிடித்ததில் இன்னும் குறைந்திருந்தது. மாடியிலிருந்து மஞ்சள் தண்ணீரை ஒரு ஜாடியில் எடுத்து வெயிலில் வைத்தேன். உயிரோடு இருக்கும் பாசி வெயில் பட்டால் மூச்சு விடும், அது சின்னக் குமிழியாகக் கண்ணாடியில் ஒட்டும். வெகு நேரம் ஒன்றும் இல்லை. பிறகு ஓரத்தில் ஒன்று, அதன் கீழே இரண்டு. கொஞ்சம் பிழைத்திருந்தது.

கீழே ஓடினேன், முதலாளியிடம் சொல்வதற்கு. லாரி கேட்டில் நின்றுகொண்டிருந்தது.

முதலாளி காலையிலேயே சொல்லிவைத்திருந்த லாரி, வெள்ளிக்கிழமைச் சந்தை நெரிசலில் மாட்டிக்கொண்டு தாமதமாகத்தான் வந்திருந்தது, ஆனாலும் வந்துவிட்டது. டிரைவர் குழாயை இறக்கிக்கொண்டிருந்தான். முதலாளி தலையில் தொப்பியோடு அப்போதுதான் உள்ளே வந்திருந்தார். மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னேன். விளக்கு சரியாகிவிட்டது, பாசியில் கொஞ்சம் உயிர் இருக்கிறது, ஆனால் இப்போதைக்கு அதன் மேல் தண்ணீர் விட முடியாது, அது தேறும்வரை ட்ரம்கள் நிற்க வேண்டும் என்றேன்.

"எத்தனை நாள்?"

"தெரியாது சார். பொய் சொல்ல மாட்டேன்."

அவர் ட்ரம்களைப் பார்த்தார், வாசலில் கூடியிருந்த ஆட்களைப் பார்த்தார். "அப்ப லாரி போவட்டும்மா. இந்த ஒரு தடவ மட்டும்."

ஒரு தடவை மட்டுமாம். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்துவிட்டது. "நான் போறேன் சார். சண்டை போடாம போறேன். அதுக்கு முன்னாடி நீங்க ஒண்ணே ஒண்ணு செய்யணும். எங்க ஊத்துறாருன்னு அவரை நீங்களே கேளுங்க. எல்லார் முன்னாடியும் கேளுங்க."

இத்தனை வருடத் தொழிலில் அவர் வாயிலிருந்தோ அவர் அப்பா வாயிலிருந்தோ வராத கேள்வி அது. அவர் என்னை முறைத்தார். பிறகு என்ன நினைத்தாரோ, டிரைவர் பக்கம் திரும்பினார்.

"தம்பி, இத எங்க கொண்டு போய் ஊத்துவ?"

டிரைவர் சிரித்துவிட்டான். "இன்னா பாய், புச்சா கேக்குற? உன் வூட்டாண்ட இல்ல, பேஜாராவாத."

"அப்போ யார் வூட்டாண்ட?"

கேட்டது அக்கா. ஸ்பிரிட் பஞ்சு இன்னும் கையில் இருந்தது.

"நீ எங்க கீற அக்கா?" என்றான் டிரைவர், சிரிப்பு மாறாமல்.

"பெருங்களத்தூர் தாண்டி. ஏரிக்குப் பின்னாடி புச்சா மனை போட்டானுங்களே, அங்க."

குனிந்து டயரைப் பார்த்தான். டயரில் பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை.

"எங்க போர்ல ஒரு வருசமா செவப்பா வருது" என்றாள் அக்கா. அவனிடம் சொன்னாளா எங்களிடம் சொன்னாளா தெரியாது. "பைப்பு துருன்னு நெனச்சினு கீறோம்."

முதலாளி தொப்பியைக் கழற்றி மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். "குழாய சுத்திக்கினு கெளம்பு" என்று டிரைவரிடம் சொன்னார். பிறகு யாரையும் அனுப்பாமல் தானே உள்ளே போய், அப்போதுதான் மறுபடி ஓடத் தொடங்கியிருந்த ட்ரம்களை ஒவ்வொன்றாக நிறுத்தினார். யாரும் கை தட்டவில்லை. கேக் வாங்கி வந்த அண்ணன் என்னைப் பார்க்காமல் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு போனார். தீபாவளி நேரத்தில் அவர் பிழைப்பில் மண் போட்டவள் நான்தான், அவர் பக்கம் நியாயம் இருந்தது.

பாசி அப்புறம் எழுந்துவிட்டது. இன்றும் மாடியில் பச்சையாகச் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது. அதற்காகச் சந்தோஷப்பட்டேனா என்று கேட்டால், அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குப் பிறகு என்னால் முழுசாகப் பட முடியவில்லை.

அன்று நானும் அக்காவோடு பஸ் ஏறினேன். ஜி.எஸ்.டி. ரோட்டில் பண்டிகைக் கூட்டம், நின்றுகொண்டேதான் போனோம். தாம்பரத்தில் நான் இறங்கவில்லை, இரும்புலியூரிலும் இறங்கவில்லை. அவளும் ஏன் என்று கேட்கவில்லை. அவள் வீடு இன்னும் பூசாத செங்கல் வீடு. வாசலிலேயே போர் குழாய் இருந்தது. திறந்தாள். பையில் கொண்டுபோயிருந்த காலிப் பாட்டிலில் பிடித்து, மூடி, சுவர் மேல் வைத்தேன்.

"துருவா இருந்தா கொஞ்ச நேரத்துல அடியில படிஞ்சிடும் அக்கா. மேல தண்ணி தெளிஞ்சிடும்" என்றேன். "அப்ப பயப்பட ஒண்ணுமில்ல."

"படிஞ்சிரும் மேடம்" என்றாள். கேன் தண்ணீரில் டீ போட்டுக் கொடுத்தாள். இரண்டு பேரும் வாசல்படியில் உட்கார்ந்து, பாட்டிலைப் பார்த்துக்கொண்டே குடித்தோம். டீ தீர்ந்த பிறகும் அவள் டம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். பாட்டிலின் அடியில் ஒன்றும் படியவில்லை.